கண்ணளவில் தேய்த்த செயின்

மாப்ளே,

இன்றைக்கு உன் மரம் அறுக்கும் மிஷின் என் பட்டறை மேஜைக்கு வந்தது. நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரிதான் உரச்சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தாள். டேங்க் மூடியைத் திருகியதும் நாள்பட்ட பெட்ரோல் வாடை குப்பென்று ஏறியது. நீ கடைசியாக ஊற்றியது ஒன்றரை வருஷமாக அப்படியே கிடந்திருக்கிறது. "வேல முடிஞ்சா டேங்கக் காலி பண்ணிட்டு வையிலே" என்று மெக்கானிக்கான எனக்கே பாடம் எடுப்பவன் நீ. உனக்குத்தான் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதற்குள் போய்விட்டாய்.

"புளியங்குடில ஒரு எலுமிச்சத் தோட்டக்காரர் கேக்காரு அண்ணே. ஓட வச்சுத் தந்தியன்னா குடுத்துருவேன்" என்றாள் தங்கச்சி. கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோல் பிசினாகி ஒட்டியிருந்தது. கழுவி, விறைத்துப்போன ரப்பர் தகட்டை மாற்றினேன். ஃபில்டரும் பிளக்கும் புதிது போட்டேன். அதுவரை கை தன் வேலையைப் பார்த்தது.

சாக்கின் அடியில் ஒரு செயின் இருந்தது, பேப்பரில் பொதிந்து. பிரித்தவுடன் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நீ எறிந்திருப்பாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் செயின் விஷயத்தில் உன்னிடம் சொல்லாமல் நான் ஒன்றை மறைத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முந்தைய சாரல் சீசன் அது. குற்றாலத்தில் அந்த மரம் சாய்ந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் நீ மிஷினைக் கொண்டுவந்தாய். கை இடித்தால் செயினை நிறுத்துகிற பிரேக் பிடிக்க மாட்டேன் என்கிறது, செயினும் மழுங்கிவிட்டது என்றாய். பிரேக்கைப் பிரித்து, உள்ளே அடைத்திருந்த மரத்தூளும் எண்ணெயும் போகத் துடைத்து, டக்கென்று விழும்படி சரிசெய்தேன். அந்த வேலையில் குறை இல்லை. அடுத்து செயின். வெட்டுகிற ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் மரத்தை எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது அந்த மேடுதான். அதைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் பல் வெறிபிடித்துக் கடிக்கும், மிஷின் ஆளை நோக்கித் துள்ளும். அதனால்தான் கேஜ் என்கிற அளவுத் தகட்டை வைத்துத் தேய்க்க வேண்டும்.

தகடு கைக்கெட்டுகிற ஆணியில்தான் தொங்கியது. ஆனால் புளியறையிலிருந்து வந்த இரண்டு மரவெட்டிகள் பக்கத்தில் நின்றார்கள். நீ அவர்களிடம், "இவன் கைக்கு கேஜ் எதுக்குலே? கண்ணாலேயே அளப்பான்" என்று பெருமை அடித்தாய். நான் எடுக்கவில்லை. தட்டை அரத்தைப் பிடித்து, அவர்களோடு பேசிக்கொண்டே ஒரே மூச்சில் தேய்த்துத் தள்ளினேன். அவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள், எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

மறுநாள் பகலில் குற்றாலத்தில் காற்று சுழற்றி அடித்து, ரோட்டோரப் புளியமரம் ஒரு சிப்ஸ் கடைமேல் சாய்ந்தது. நீ மிஷினோடு பைக்கில் வந்து என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டாய். தகரக் கூரை தரையோடு நசுங்கிக் கிடந்தது. கடைக்கார அக்காவின் கால் உள்ளே மாட்டியிருந்தது. மேலே ஒரு கிளை அழுத்த, மரம் முழுதும் முறுக்கிக்கொண்டு நின்றது. தப்பான இடத்தில் அறுத்தால் புரளும், புரண்டால் அக்காமேல்தான் விழும்.

"காலு மரத்துப் போச்சுய்யா. சீக்கிரம் பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நீ கயிற்றை இழுத்து மிஷினை ஓடவிட்டாய். முதல் கிளையை அறுத்தாய். நான் உன் காலடியைப் பார்த்தேன். நன்றாகத் தேய்த்த செயின் என்றால் சன்னமான துருவலாக வரும். இங்கே நகத்தின் கனத்துக்குச் செதில் செதிலாகத் தெறித்தது. மேட்டை ரொம்பவும் இறக்கிவிட்டேன் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

இரண்டாவது கிளையில் மிஷின் உன் தோளைப் பிடித்து இழுத்தது. நீ திரும்பி, "என்னலே, இன்னைக்கு இந்தக் கடி கடிக்கி?" என்று கேட்டாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் அந்தப் புளியறை ஆட்கள் இரண்டு பேரும் நின்றார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். பிறகு உன்னைப் பார்த்து, "பச்ச மரம்லா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

நீ நம்பினாய். மூன்றாவது வெட்டுக்குக் குனிந்தாய். தகரத்துக்குப் பின்னால் மறைந்திருந்த கொம்பில் மிஷினின் மூக்கு பட்டது. அவ்வளவுதான், மிஷின் அப்படியே மேலே எகிறியது. உன் மணிக்கட்டு இடித்து பிரேக் விழுந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. செயின் நின்றபோது அதற்கும் உன் கழுத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

மிஷினை அணைத்துவிட்டு, செயின் பல்மேல் கட்டை விரலை வைத்துத் தடவினாய். பிறகு என்னைப் பார்த்தாய். திட்டுவாய் என்று நின்றேன். நீயோ கூட்டத்தைப் பார்த்து, "செயின் லூசாயிட்டு, வேற மாத்தணும்" என்றாய். பையிலிருந்து நீயே தேய்த்து வைத்திருந்த செயினை எடுத்து நீட்டினாய். நான் அதை மாட்டினேன். நீயே ஸ்பேனரை வாங்கி நட்டை முடுக்கினாய். அடுத்த கால் மணி நேரத்தில் அக்காவை வெளியே எடுத்தோம். கால் எலும்பு முறிந்திருந்தது, உயிருக்குப் பழுதில்லை. இன்றும் அதே இடத்தில்தான் நேந்திரங்காய் வறுக்கிறாள்.

திரும்பி வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: "கேஜ் வச்சுத் தேயிலே." நான் "சரி" என்றேன். அதன்பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கண்ணளவு பிசகிவிட்டது, எவனுக்கும் நடப்பதுதான் என்று என்னை மன்னித்துவிட்டாய்.

இன்று தங்கச்சி அந்தச் செயினைக் காட்டி, "இதையும் சேத்துக் குடுத்திருவோமா?" என்றாள்.

"அது வேண்டாம்மா."

"ஏன், நல்லாத்தான இருக்கு? அவிய பத்திரமா வச்சிருந்தாவ. நீங்க பிரேக்கச் சரிபண்ணிக் குடுத்ததாலதான் உசுரோட இருக்கேன்னு சொல்லிட்டே இருப்பாவ."

உயிரைக் காப்பாற்றினவன் என்று உன் வீட்டில் எனக்கு நாலு வருஷமாகப் பெயர். நல்லது கெட்டதுக்கு எனக்குத்தான் முதல் இலை போட்டிருக்கிறாள். பேசாமல் இருந்தால் அந்தப் பெயர் என்னோடே இருந்திருக்கும். மிஷினைத் துடைத்துக்கொண்டே நின்றேன். முடியவில்லை மாப்ளே. செதிலைப் பார்த்தது, புளியறை ஆட்களைப் பார்த்தது, நீ கேட்டபோது நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தங்கச்சி அழவில்லை. செயினை எடுத்து அதே பேப்பரில் திரும்பவும் பொதிந்தாள். போகும்போது, "இத அவியகிட்ட சொல்லிருக்கலாம்லா அண்ணே" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அன்று பைக்கில் உன் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். குற்றாலத்திலிருந்து மேலகரம் பட்டறை வரை உன் காது என் வாய்க்கு நேரே இருந்தது. பிசகியது என் கண் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டே நீ போய்விட்டாய். கண் பிசகியது முதல் நாள். நீ மூன்றாவது கிளைக்குக் குனிந்தபோது அந்தச் செயின் துள்ளும் என்று எனக்குத் தெரியும்.