காகித நண்டும் இரவல் பொம்மையும்

ஜூன் 9, ஞாயிறு

கச்சான் காற்று. வார்டு சன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் வேக்காடு. உடுப்புத் தோய்க்க வேண்டும். வாளி இல்லை.

மகள் யதுவுக்கு இன்றும் கால் அரிப்பு. தொடை எலும்பு முறிந்த கால். பாரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அசையக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளையிடம் அசையாதே என்று சொல்லிவிட்டுப் போக டொக்டருக்கு லேசு. பக்கத்தில் இருப்பது நான். சித்தாண்டியில் எங்கள் வாசலிலேயே அவளை மோதிய மோட்டார் சைக்கிள்காரன் நின்றுகூடப் பார்க்கவில்லை. நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். தாடை நோகிறது.

யதுவின் அப்பா வந்தார். கட்டில் ஓரத்தில் கொஞ்சம் இருந்தார். "வட்டைக்குப் போகோணும், வயலுக்குத் தண்ணி கட்டல்ல." போய்விட்டார். எதற்கும் பதில் சொல்லாத மனுசன்.

அவர் கொண்டுவந்த பிஸ்கட் பெட்டியை எறியப் போனேன். அட்டை நல்ல அட்டை. மலர் அக்காவிடம் கத்தரிக்கோல் வாங்கி நண்டு செய்தோம். (மலர் அக்கா பக்கத்துக் கட்டில், ஊர் ஆரையம்பதி. மகள் கவிக்குச் சுடுதண்ணீர் பட்டுக் கை முழுக்கக் கட்டு.) யோகட் கப் உடம்பு, அட்டையில் கால். பசைக்கு மத்தியானச் சோறு மசித்தது. நிறத்துக்குப் பீட்ரூட் கறித் தண்ணீர்.

நண்டு யதுவின் வயிற்றில் ஏறி நடந்தது. சிரித்தாள். கால் முறிந்த பிறகு இப்போதுதான்.

"இதுக்கு ஒரு காலும் முறியல்லயே அம்மா?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 10, திங்கள்

எறும்பு. சோற்றுப் பசைக்கு வந்து கட்டில் முழுக்க ஊர்ந்தது. வார்ட் சிஸ்டர் எல்லோருக்கும் கேட்கக் கத்தினார்.

"இது வார்ட்டா, குப்பைமேடா? கவியின்ட புண்ணுக்குள்ள எறும்பு போனா ஆரு பொறுப்பு? நீங்களா?"

உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

இனிப் பசை வேண்டாம். கீறிச் செருகுவது, நூலால் கட்டுவது. இன்று செய்தவை:

- பழைய பேப்பரை மடித்து மீன், செதிலுக்கு விரலால் கிழித்த ஓரம்
- மருந்துப் பெட்டியில் பஸ், போத்தல் மூடி சில்லு
- யோகட் கப் இரண்டு, நடுவே நூல்: டெலிபோன்

டெலிபோனில் யதுவும் கவியும் பின்னேரம் முழுக்கப் பேச்சு. கவி கேட்டாள், "உன்ட கால் எப்ப இறங்கும்?" யது, "பெரிய டொக்டருக்கே தெரியா."

எதிர்க் கட்டில் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அட்டை போதாது. கன்ரீனில் கேட்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

காலையிலேயே வார்டு கழுவல். யாரோ உதவி செய்கிற ஆட்கள் வருகிறார்களாம். கட்டில் கம்பியில் கட்டியிருந்த மீன், பஸ், டெலிபோன், எல்லாவற்றையும் துப்புரவு செய்யும் பெண் சாக்கில் போட்டாள். "மேல இருந்து சொன்னதுகா, நான் என்ன செய்ய?" யது கத்தக் கத்தக் கொண்டுபோனாள். நண்டு மட்டும் தலையணைக்குக் கீழே தப்பியது.

பத்து மணிக்கு வந்தார்கள். ஒரே நிற டீசேர்ட், கமரா. ஒரு பெரிய பொம்மை. மஞ்சள் முடி, கண்ணை மூடித் திறக்கும். யதுவின் கையில் கொடுத்தார்கள்.

"இஞ்ச பாருங்க மகள், சிரியுங்க. அம்மா கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். யது பொம்மையின் முடியைத் தடவிப் பெயர்கூட வைத்துவிட்டாள். படம் எடுத்து முடிந்தது. டீசேர்ட் பொடியன் வந்து பொம்மையை இழுத்தான். அவள் விடவில்லை. விரலைப் பிரித்து எடுத்தான். பிள்ளையின் விரலை!

பொம்மை கவியிடம் போனது. படம். பிறகு எதிர்க் கட்டில். படம்.

"தம்பி, அது பிள்ளைகளுக்குக் குடுத்ததுதானே?"

"இல்ல அக்கா, இது படத்துக்கு. இன்னும் ரெண்டு இடத்துக்குப் போகோணும். உங்களுக்கு பிஸ்கட் பெக்கற் இருக்கு."

யது என்னைப் பார்த்தாள். அழவில்லை. "அம்மா, நான் என்ன பிழை செஞ்சன்?"

அதற்குப் பிறகு என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. பொம்மையைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். படத்தை அழி, இல்லாவிட்டால் இது வராது என்றேன். அவர்கள் தலைவர் சிரித்தார். "நல்லது செய்ய வந்தா இதுதான் மரியாதை."

சத்தத்துக்கு சிஸ்டர் வந்தார். எனக்குத்தான் ஏச்சு என்று நினைத்தேன். என் கையிலிருந்து பொம்மையை வாங்கி அவர்களிடமே கொடுத்தார். பிறகு சொன்னார், "இப்ப என்ட கண்ணுக்கு முன்னால இந்தப் பிள்ளையின்ட படத்த அழியுங்க. அழிச்சிட்டு வெளிய போங்க." அழித்தார்கள். பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சிஸ்டருக்கு நன்றி சொல்லவில்லை. சாக்கை நிரப்பச் சொன்னவரும் அவர்தானே.

யது நண்டை என் பக்கம் எறிந்தாள். "நீங்க சண்ட பிடிச்சதாலதான் கொண்டு போயிட்டாங்க." சுவர்ப் பக்கம் முகம். சாப்பிடவில்லை.

ஜூன் 13, வியாழன்

மலர் அக்கா தன் போனில் காட்டினார். பேஸ்புக்கில் யது. அழித்தது கமராவில், யாரோ போனிலும் எடுத்திருக்கிறார்கள். பொம்மையைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறாள். மேலே: "ஆதரவற்ற சிறுமியின் முகத்தில் ஒரு புன்னகை."

ஆதரவற்ற. என்னைத் தள்ளி நிற்கச் சொன்னது இதற்குத்தான்.

யதுவின் அப்பாவுக்குப் போன் அடித்தேன். வயலில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். வழமைபோல மௌனம். எரிச்சலில் வைத்துவிட்டேன்.

பின்னேரம் மலர் அக்கா மறுபடி போனை நீட்டினார். படத்துக்குக் கீழே யதுவின் அப்பாவின் பெயர். "இது என்ட மகள். தகப்பன் நான் உயிரோட இருக்கன், தாய் பக்கத்தில நிற்கிறா. பொம்மைய படம் எடுத்திட்டுப் பறிச்சிட்டீங்க. படத்த எடுங்க, இல்லாட்டி நான் வாறன்." அதற்குக் கீழே ஊர்க்காரர் நிறையப் பேர்.

இருட்டுவதற்குள் படம் இல்லை. மன்னிப்பு என்று ஒரு சொல்லும் இல்லை.

அவரை எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன். இன்று ஏசவில்லை.

ஜூன் 14, வெள்ளி

வெயில். தலையிடி. யது இன்று தானாக அட்டை கேட்டாள். மனப் பாரம் கொஞ்சம் இறங்கியது. சவர்க்காரப் பெட்டி கொடுத்தேன். நடுவில் ஓட்டை, அதில் போத்தல் மூடியைச் செருகினாள். என்ன என்று கேட்டேன். கவிக்குப் பேப்பரில் ஒரு கிரீடம் செய்து தரச் சொன்னாள். செய்தேன். கவி போட்டுக்கொண்டு யதுவின் கட்டிலோரம் வந்து நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

யது சவர்க்காரப் பெட்டியைக் கண்ணில் வைத்தாள். "இஞ்ச பாருங்க மகள், சிரியுங்க. கிளிக்." பிறகு எட்டி, கவியின் தலையிலிருந்த கிரீடத்தை இழுத்து எடுத்தாள்.

கவி வீறிட்டாள்.

"திருப்பிக் குடு அவளுக்கு."

"ஏன்? படம் எடுத்தாச்சுதானே அம்மா."

கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையை இறக்க இவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியாது. அடிக்க வேண்டியவன் அங்கே இல்லை. டீசேர்ட் போட்டுக்கொண்டு வேறு ஏதோ வார்டில் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருப்பான்.

கட்டிலில் இருந்தேன். "உன்ட விரல அவன் பிரிச்சு எடுக்கக்குள்ள நொந்ததா?" என்று கேட்டேன். ஓம் என்று தலையை ஆட்டினாள். இப்போதுதான் அழுதாள், புதன்கிழமை அழாததையும் சேர்த்து. காலில் கட்டிய பாரம் ஆடியது. பிடித்துக்கொண்டேன்.

அழுது முடித்து, கிரீடத்தை நீட்டினாள். கவி வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யதுவின் கை நீட்டியபடியே இருக்கிறது.