பாத்திரக்கடை வாசல்

டிச. 30, செவ்வாய்
பனி. முதல் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, தொண்டை கட்டிவிட்டது. சிதம்பரத்தில் தேருக்காக வீதியில் படுப்பவர்களை எழுப்பி அனுப்புகிறார்கள். கீழவீதி பாத்திரக்கடை வாசலில் தனக்கொடி அக்கா. விடியுமுன் பெருக்கி, தெளித்து, கோலம் போடுவார். அதற்காகக் கடைக்காரர் அங்கே படுக்க விடுகிறார். கடலூரில் எங்கள் பெண்கள் இல்லத்துக்கு வரச் சொன்னேன்.

"கட்டிலு, பேனு எல்லாம் இருக்குதா? அப்பறம் நீ ஏன் பாப்பா பனியில இங்க வந்து நிக்கற?"

"தேர் முடியிற வரைக்கும்தான்க்கா."

கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். கடை திறக்கவில்லை. நான் போனில் சொல்லிக்கொள்கிறேன் என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

மதியம் பேசினேன். "அவுங்கள இல்லத்துல சேத்துட்டோம் சார். இனிமே கவலை இல்ல." தேர் வரைக்கும் என்று சொல்லத் தோன்றவில்லை. "நல்ல காரியம்மா" என்றார். எனக்குப் பெருமை வேறு.

ஜன. 1, வியாழன்
தொண்டை தேவலை. வாங்கிய நாவல் பத்துப் பக்கம் தாண்டவில்லை. த. அக்கா இருட்டிலேயே எழுந்து துடைப்பம் தேடுகிறாராம். வார்டன் அக்கா: "ஆறு மணிக்குத்தான் கதவு. படு தாயி, ஒனக்கு என்ன ஆபீஸா?"

ஜன. 4, ஞாயிறு
தேர், தரிசனம் முடிந்தது. அக்காவைக் கூட்டிப்போனேன். வாசலில் வேறு ஓர் அம்மாள். ஓரமாகச் சுருட்டிய பாய். பெரிய கோலம்.

கடைக்காரர் கோபப்படவில்லை. "நீங்கதானம்மா சேத்துட்டோம்னு சொன்னீங்க. மார்கழியில வாசலை சும்மா போட முடியுமா? இவுங்களும் போக்கிடம் இல்லாதவங்கதான். எப்படி எழுப்பறது?"

அக்கா கடைக்காரருக்குக் கேட்கும்படி, "புள்ளி கோணலு" என்றார். அவர் உள்ளே போய்விட்டார்.

அக்காவைத் திரும்ப இல்லத்துக்கு அழைத்தேன். "அங்க எனக்கு என்ன வேலை இருக்குது?" பையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தார். கூடப் போயிருக்க வேண்டும். பஸ் ஏறிவிட்டேன்.

ஜன. 5, திங்கள்
தூக்கமில்லை. இல்லம் கடலூரில், அவர் பிழைப்பு சிதம்பரத்தில். கட்டில் கொடுத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன்.

லீவு போட்டுப் போனேன். ஸ்டேஷனில் இல்லை. டீக்கடை அண்ணன் சொன்னார்: "அந்தம்மாவா? எந்த வாசல் பெருக்காம கெடக்குதுன்னு பாத்துக்கினே போனாங்க."

நாலு வீதியும் சுற்றினேன், அக்காவைக் காணோம். எல்லா வாசலிலும் கோலம்.