‘அத்துமீறி நுழைந்தவர்’ என்ற சொல்லை நீக்கக் கோரி

அனுப்புநர்
ஜமீலா,
க/பெ. (காலஞ்சென்ற) அமீர் ஜான்,
பேருந்து நிலையம் அருகில்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம்.

பொருள்: பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் மின்சாரம் தாக்கி இறந்த என் கணவர் பற்றிய விசாரணை அறிக்கையைத் திருத்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு அளித்த இரு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் அமீர் ஜான் ஏற்காட்டில் செல்போன், ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். சென்ற ஆண்டு, மலையோசை கலை அறக்கட்டளை என்ற அமைப்பு, கிளியூர் சாலையிலுள்ள பழைய காப்பிக் கிடங்கில் சிலி, ஜப்பான், கென்யா நாட்டுக் கலைஞர்களையும் நம் நாட்டவரையும் சேர்த்து ஒரு கண்காட்சி அமைத்தது. ஓவியம், படம், ஒலி எல்லாம் கலந்த கண்காட்சி அது. ஸ்பீக்கர் சரிசெய்யத்தான் என் கணவரை முதலில் அழைத்தார்கள்.

2. சிலி நாட்டுப் பெண் இனெஸ், வெள்ளைத் துணிகளின் மேல் பனிமூட்டம் நகர்வதுபோலப் படம் காட்டினார். அதற்கு என்ன ஒலி வேண்டும் என்று அவர் என் கணவரிடம் கேட்டிருக்கிறார். இவர் மலைப்பாதை வளைவுகளில் நின்று, பனியில் ஏறி வரும் பஸ்களின் ஹாரனைப் பதிவு செய்தார். வாழவந்தி விவசாயி கண்ணாயி அம்மாள் பனிக்குள் ஆடுகளைக் கூப்பிடும் குரலையும் பதிவு செய்து சேர்த்தார். இனெஸ் அதைக் கேட்டுவிட்டு, இது நம் இருவர் வேலை என்று சொல்லி, நுழைவுச் சுவரில் மற்றக் கலைஞர்களுடன் என் கணவர் பெயரையும் எழுதச் செய்தார். அன்று அவர் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு என்னையும் மகள் பரிதாவையும் அழைத்துப்போய் அந்தச் சுவரைக் காட்டினார். 

3. திறப்பு விழா மாலையில் பெருமழை பெய்து கிடங்கின் கூரை ஒழுகியது. விழாவைத் தள்ளிவைக்குமாறு கலைஞர்கள் அனைவரும் கேட்டனர். அறக்கட்டளை மேலாளர் அண்ணாதுரை அவர்களிடம் என் கணவர், “ஏனுங்க, தண்ணி வயர் மேலயே ஊத்துதுங்க. இன்னைக்கு வேண்டாமுங்க” என்றதை, மகளுடன் விழாவுக்குப் போயிருந்த நான் என் காதால் கேட்டேன். “பெரிய ஆளுங்கெல்லாம் வந்து உக்காந்தாச்சு. கொஞ்ச நேரம் சமாளிங்க” என்று பதில் வந்தது.

4. படம் காட்டும் கருவியின் இரும்புத் தாங்கியைப் பிடித்த இனெஸ் கையை எடுக்க முடியாமல் துடித்தார். என் கணவர் ஓடிப்போய் அவரைத் தோளால் மோதித் தள்ளினார். அவர் பிழைத்துக்கொண்டார். இவர் ஈரத் தரையில் விழுந்தார்; அறுந்து கிடந்த வயரின் மேல் இவர் கை பட்டது. மெயினை அணைத்து நான் பக்கத்தில் போனபோது மூச்சு இல்லை. பரிதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

5. மறுநாள் சுவரில் என் கணவர் பெயர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்திருந்தது. அவர் தங்களோடு தொடர்பில்லாதவர், அனுமதியின்றி உள்ளே வந்து மின்கம்பியில் கைவைத்தார் என்று அறக்கட்டளை எழுதிக் கொடுத்தது. விசாரணை அறிக்கையும் அவரை “அத்துமீறி நுழைந்தவர்” என்றே முடித்துவிட்டது.

6. விசாரணையில் நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். மனைவி என்பதால் எடுத்துக்கொள்ளவில்லை. இனெஸ் தன் நாட்டிலிருந்து அழுதுகொண்டே பேசி அனுப்பிய வீடியோவை, நேரில் வந்து சொன்னால்தான் ஏற்க முடியும் என்று திருப்பிவிட்டார்கள். அவர் மீண்டும் வர விசா கிடைக்கவில்லை. விழாவுக்கு வந்திருந்த கண்ணாயி அம்மாளிடம் போய்க் கேட்டேன். “சொல்லோணும்னுதான் மனசு அடிச்சுக்குது கண்ணு. எம் பையன அவங்க எஸ்டேட்டுல இருந்து நிறுத்திப்போட்டா நாங்க எங்க போறது?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

7. அதே கண்காட்சி இப்போது வெளியூர்களில் நடப்பதாக இனெஸ் தெரிவித்தார். தன் பெயரையும் எடுத்துவிடச் சொல்லி அவர் விலகிவிட்டார். ஆனாலும் என் கணவர் பதிந்த ஒலி அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளியில் பரிதாவிடம், “உங்கப்பா வயர் திருடப் போயித்தான் செத்தாராமே?” என்று கேட்கிறார்கள். அவள் இப்போது பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை.

8. முந்தைய மனுக்களுக்கு, விசாரணை முடிந்துவிட்டது என்ற ஒரே பதில் வந்தது. இதற்கும் அதுவே வரலாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரையும் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. அமீர் ஜான் அழைக்கப்பட்டு உள்ளே போனார், ஓர் உயிரைக் காப்பாற்றப் போய் இறந்தார் என்று ஒரு வரி எழுதி, அந்தச் சொல்லை நீக்கித் தருமாறு தங்களை மிகவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

9. அதற்கும் வழியில்லை என்றால், வழியில்லை என்பதையாவது தங்கள் கையொப்பத்துடன் தெரிவிக்க வேண்டுகிறேன். கலெக்டர் ஐயா சரிசெய்வார் என்று நாள்தோறும் என் மகளிடம் சொல்லி வருகிறேன். அதைச் சொல்வதை நிறுத்திக்கொள்வேன்.

இடம்: ஏற்காடு
நாள்: 18.11.2019

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜமீலா
(கையொப்பம்)