மூடியில் ஒட்டிய பிளாஸ்திரி

மார்ச் 4

"டீச்சர், பாட்டிலைக் கவுத்தா தண்ணி ஏன் நேரா வராம குடக் குடக்னு வருது?" எப்போதோ ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். காற்று உள்ளே போக வேறு வழியில்லை, அதனால் தண்ணீர் வரும் வழியிலேயே முண்டுகிறது என்றேன். பாட்டிலின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் காட்டினேன். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. வகுப்பே கைதட்டியது.

இன்று அதே குடக் குடக் என் வீட்டுக் கூடத்தில். பக்கவாதம் வந்த என் கணவருக்குப் பொழுது போகட்டும் என்று மகன் நேற்று பெரிய மீன் தொட்டியைப் பொருத்திவிட்டு ஊருக்குப் போனான். தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் மூலையில் ஒரு குழாய் வழியாகக் கீழ்ப்பெட்டிக்கு இறங்கும். மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். குழாயின் மூடியில் சின்ன ஓட்டை ஒன்று உஸ்ஸென்று இரைந்தது. அடைக்க மறந்திருக்கிறான். எப்போதும் அரைகுறைதான் அவன். காலையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டு இவரைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். திரும்பி வந்தால் – இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிடுவது போல ஒரு உறிஞ்சல்!

மார்ச் 6

மகனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"நான் வெச்சப்போ சத்தமே இல்லையேம்மா. எதையாவது நோண்டினியா?"

"நான் எதுக்குடா நோண்டப் போறேன்? நீ போட்ட குழாய் சின்னது. அறிவியல் டீச்சருக்கே பாடம் எடுக்கிறியா?"

வைத்துவிட்டேன்.

மார்ச் 9

பயிற்சி தரும் பெண் இன்று என்னைத்தான் கண்டித்தாள். "அவர் ஆரம்பிச்சா அவரே முடிக்கட்டும்மா. பாதியிலயே நீங்க பிடுங்கிக்கிறீங்க."

முப்பத்திரண்டு வருட வகுப்பறை வழக்கம். பிள்ளை திணறினால் எடுத்துக் கொடுப்பது குற்றமா?

இவர் பேருந்து நடத்துனராக இருந்தவர். ஒரு குரல் கொடுத்தால் கடைசி இருக்கையில் தூங்குபவனும் எழுந்து இறங்குவான். இப்போது எழும்புவது கொசுவின் ரீங்காரம் அளவுக்குத்தான். அதுவும் மீன்களின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும். அந்தக் கொஞ்சத்தையும் தொட்டியே விழுங்கிவிடுகிறது. யாரைக் கேட்டு இதை வாங்கினான்?

மார்ச் 11

எரிச்சல். எரிச்சல். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 13

இவர் தொட்டியின் மூலையைக் காட்டி, "ஒ... ஒ..." என்றார்.

"மீன் ஒளிஞ்சுக்கிச்சா?"

தலையாட்டி மறுத்தார். மறுபடி, "ஒ..."

"ஒழுகுதா? எங்க ஒழுகுது?"

கைத்தடியால் தரையில் ஓங்கித் தட்டினார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "என்னதாங்க வேணும் உங்களுக்கு? நானும் மனுஷிதானே!" என்று கத்திவிட்டேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீன் கடைக்காரரிடம் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தொட்டி போகிறது.

மார்ச் 14

இன்று ஒரு சொல் இல்லை. என்னிடமும் இல்லை, மீனிடமும் இல்லை. இப்படியே நின்றுவிட்டால்?

மார்ச் 15

கடைக்காரர் வாளிகளோடு பத்து மணிக்கு வந்தார். "நல்ல தொட்டியாச்சே டீச்சரம்மா, எதுக்குக் குடுக்குறீங்க?"

"அந்தச் சத்தத்தைக் கேளுங்க. புரியும்."

மோட்டாரை நிறுத்த அவர் குனிந்தார். இவர் எழுந்தார். தடியில்லாமல், சுவரைப் பிடித்தபடியே போய், இடது கையால் பிளாஸ்திரியை உரித்துப் போட்டார்.

"அய்யய்யோ, அது காத்து போற ஓட்டை!" என்றார் கடைக்காரர். "அடைச்சா குழாய் தண்ணியை ஒரே மூச்சுல இழுத்திடும். தண்ணி தீர்ந்ததும் காத்தை உறிஞ்சி அலறும். திரும்ப நிறையும், திரும்ப இழுக்கும். எந்தப் புத்திசாலி ஒட்டினது?"

உறிஞ்சல் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் இவர் விரல் என்னை நோக்கி நீண்டது.

"ஒ...ட்டி...னது... இவ."

பதினோரு நாள்! நான் ஒட்டியதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர். பதினோரு நாளாக இதைச் சொல்லத்தான் முட்டி மோதியிருக்கிறார். பாட்டிலில் ஓட்டை போட்டுக் கைதட்டல் வாங்கினவளே, உனக்கு எங்கடி போச்சு புத்தி? மகன் மேல் கோபம், மீன் மேல் கோபம், பேச முடியாத மனுஷன் மேலும் கோபம். அடைத்தது யார்?

வாளிகள் காலியாகவே திரும்பிப் போயின.

மார்ச் 16

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீச்சருக்கு முட்டை மார்க்கு" என்றான். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 20

உஸ்ஸென்ற மெல்லிய சத்தம் மட்டும். அது இருக்கட்டும்.

மாலையில் இவர் மீன்களைப் பார்த்து, "ரை...ட்" என்றார். அப்புறம், "போ..."

மீதிச் சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். பதினேழில், "லாம்" என்றார். மீன்கள் கிளம்பின.

நாளைக்கும் இதைச் செய்: அவர் வாய் திறந்ததும், மனதுக்குள் இருபது வரை எண்ணு.