கூட வந்த ஆள்

அன்பு மகனுக்கு,

என் நோயை என்னிடம் சொல்லக்கூடாது என்று டாக்டரிடம் சொல்லிவைத்தவன் நீ. நீ நன்றாக இருப்பதாக உன் அப்பா சொன்னார், அப்படியே இரு, என் நலத்தைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை, அது உனக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. போனில் கேட்கலாம் என்றால் நான் இந்தப் பேச்சை எடுக்கும்போது மட்டும் உன் ஊரில் சிக்னல் போய்விடுகிறது, சரியா கேக்கலம்மா அப்புறம் கூப்பிடறேன் என்கிறாய், பிறகு உன் அப்பா போனோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார், அங்கே மட்டும் உன் சிக்னல் பிரமாதமாக வேலை செய்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க உன்னால் முடியாது.

எனக்கு யார் சொன்னது என்று யோசிப்பாய், நடந்ததைச் சொல்கிறேன். ஆபரேஷனில் வெட்டி எடுத்த குடலைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஸ்கேனும் எடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் முடிவு வந்துவிட்டது வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். உன் அப்பா லீவு கிடைக்கவில்லை என்றார், இப்போது நினைத்தால் கேட்டிருக்கவே மாட்டார். தெருமுனை டாக்சிக்காரரைக் கூப்பிட்டேன், அந்தத் தாடிக்காரர்தான், நீ கிளம்பிய அன்று ஏர்போர்ட் வரைக்கும் அரசியல் பேசி உனக்குத் தலைவலி வரவைத்தவர். தையல் இழுக்கிறது என்றதும் என் பையையும் தண்ணீர் பாட்டிலையும் அவரே தூக்கிக்கொண்டு வராந்தா வரைக்கும் வந்தார். உள்ளே போய் உட்கார்ந்தேன், பெரிய டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கூட யாரும்மா வந்திருக்காங்க என்றார். யாரும் இல்ல டாக்டர், நோய் எனக்குத்தானே, என்கிட்டயே சொல்லுங்க என்றேன். வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலையா என்று கேட்டுவிட்டு நர்சைப் பார்த்தார், அவள் என் தோளைத் தொட்டு எழுப்பி வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, இந்தம்மா கூட வந்த ஆளு யாருங்க என்று சத்தம் போட்டாள். என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டாக்சிக்காரர் எழுந்து போனார். காரை வாசலை மறித்து நிறுத்திவிட்டோம் போலிருக்கிறது, அதற்குத் திட்டக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம். கதவைச் சாத்திவிட்டார்கள். கண்ணு, உள்ளே என்ன நடந்தது என்று உனக்குப் புரிகிறதா? என் குடலில் என்ன இருந்தது, அது எங்கெங்கே போயிருக்கிறது, இனி என்ன ஆகும், எல்லாவற்றையும் அந்த மனிதருக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள், அவர் ஆம்பளை, கையில் என் பை இருந்தது, அது போதும் அவர்களுக்கு. நான் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் கை கழுவும் முறை பற்றிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வெளியே வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. பின்னாலேயே டாக்டர் வந்து எல்லாம் நல்லபடியா இருக்கும்மா, கொஞ்ச நாள் மருந்து ஏத்தணும், வீட்ல பேசிட்டேன் என்று என் தலைக்கு மேலே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் காரைத் தொட்டிலை இறக்குவது மாதிரி இறக்கினார் டாக்சிக்காரர். வழி முழுக்க ஒரு மந்திரியைக்கூடத் திட்டவில்லை. என்னதான் சொன்னாரு சொல்லுங்க என்று கேட்டேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டார். நான் டாக்சி ஓட்டறவன் சார்னு ரெண்டு தடவ சொன்னேங்கக்கா, அவரு கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே பேசறாரு, காதுலயே வாங்கல என்றார். சரி அவர் வாங்கவில்லை, நீங்கள் வாங்கினீர்கள் அல்லவா, சொல்லுங்கள் என்றேன். அதச் சொல்ற தைரியம் எனக்கில்லக்கா, உங்க பையன் போன்ல பேசி அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டாராம், நீங்க அவர்கிட்டயே கேளுங்க என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஒருத்தர் எனக்காக அழுகிறார், எதற்காக என்று எனக்குத் தெரியவில்லை, இப்படி ஒரு கேவலம் எந்த மனுஷிக்கும் வரக்கூடாது.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பா. கல்யாணமான நாளிலிருந்து டிவி ரிமோட்டைக் கையிலிருந்து விடாத மனிதர் அதை என் மடியில் கொண்டுவந்து வைக்கிறார். பாத்திரம் கழுவுகிறார். நான் என்ன சொன்னாலும் சரிதான் என்கிறார், நேற்று வேண்டுமென்றே உங்கள் அக்கா ஒரு வாயாடி என்று சொல்லிப் பார்த்தேன், அதற்கும் ஆமாம் சரிதான் என்கிறார். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். தண்ணீர் ஆபீசில் வேலை பார்க்கிறவள் வீட்டிலேயே இவ்வளவு தண்ணீர் வீணாகிறது. ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால் டாக்டரிடம் இருக்கிறது என்கிறார், அலமாரியில் துணிக்கு அடியில் இருப்பது எனக்குத் தெரியும். எடுத்துப் படிக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் என் உடம்பைப் பற்றிய சேதியை என் வீட்டிலேயே திருடிப் படிக்க மாட்டேன், எடுத்தாலும் அதில் பாதி எனக்குப் புரியாது, மீதியை போனில் தேடினால் கண்டதையும் காட்டிப் பயமுறுத்தும். எனக்கு ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு சின்ன டாக்டர் பெண் வந்தாள், அவள் ஒருத்திதான் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசினாள். குடலோடு சேர்த்துப் பக்கத்தில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுப்போம்மா, ஒவ்வொண்ணா நறுக்கிப் பாப்போம், எதுலயாவது நோய் ஏறியிருக்கான்னு, குடல் சுவருக்குள்ள எவ்வளவு ஆழம் போயிருக்குன்னும் பாப்போம், அப்புறம் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போயிருக்கான்னு ஸ்கேன்ல தெரியும், இதெல்லாம் சேத்து வச்சுத்தான் எந்தக் கட்டம், மேற்கொண்டு எப்படிப் போகும்னு சொல்ல முடியும் என்றாள். நறுக்கிப் பார்த்துவிட்டார்கள், எண்ணிவிட்டார்கள், ஸ்கேனும் பார்த்துவிட்டார்கள். போன வாரம் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன், வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். அவள் இடத்தில் இருந்தவர் அதெல்லாம் மனசுல போட்டுக்காதீங்கம்மா, நல்லா சாப்பிடுங்க என்றார். முதன்முதலில் மலத்தோடு ரத்தம் போகிறது என்று சொன்னபோது மூலம் என்று களிம்பு எழுதிக்கொடுத்த கிளினிக் டாக்டரும் இதையேதான் சொன்னார், மனசில் போட்டுக்கொள்ளாதே என்று. போட்டுக்கொள்ளாமல் இருந்த மாதங்களில்தான் அது வளர்ந்தது. வார்டில் என் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு வயிற்றில் ஓட்டை போட்டு மலம் போக ஒரு பை வைத்தது மயக்கம் தெளிந்து அவளே தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவள் கூச்சல் போட்டதற்கு, அதான் உங்க வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கினோமே என்றார்கள். குடல் அவளுடையது, கையெழுத்து அவனுடையது.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா பயந்துவிடுவாள் என்று நினைத்தாய். உன் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று மறந்துவிட்டாயா? நாள் முழுக்கப் புகார் போனை எடுத்து இன்றைக்குத் தண்ணீர் வராது என்று சொல்கிறவள். பார்க்கலாம் என்று சொன்னால்தான் ஜனங்கள் கத்துவார்கள், வராது என்று சொன்னால் திட்டிவிட்டு வேறு வழி பார்க்கப் போவார்கள். எனக்கும் பார்க்க வேண்டிய வழி இருக்கிறது. தையல் ஆறியதும் மருந்து ஏற்ற ஆரம்பிப்பார்களாம், அடுத்த மாதத்தின் முதல் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அது என்னைக் குணமாக்குவதற்கா, நாளைத் தள்ளுவதற்கா என்று தெரியாமல் நான் அந்த மருந்து ஏற்றுகிற நாற்காலியில் உட்கார மாட்டேன். குணமாக்குவதற்கு என்றால் முடி போகட்டும், வாந்தி வரட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவேன். நாளைத் தள்ளத்தான் என்றால், எத்தனை நாளை அங்கே படுத்துத் தள்ளுவது, எத்தனை நாளை என் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வது என்று நான்தான் கணக்குப் போடுவேன். உன் ஊருக்கு வந்து நீ சமைக்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை உண்டு, அதற்குத் தெம்பு இருக்கும்போதே கிளம்ப வேண்டுமா, பிறகு வரலாமா? இதை உன்னையும் உன் அப்பாவையும் டாக்சிக்காரரையும் வைத்துக்கொண்டு அந்த டாக்டர் முடிவு செய்துவிடுவாரா?

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி முழித்துக்கொண்டு போனில் கண்டதைப் படிக்காதே, படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், உன் அப்பாவிடம் நீ கேட்கிற கேள்விகள் கதவுக்கு வெளியே கேட்கின்றன. குடும்பத்தில் ஒருவருக்கு இது வந்தால் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும் என்று அந்தச் சின்ன டாக்டர் பெண் சொன்னாள், நீ போய்க் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனையைச் செய்துகொள், வெட்கப்படாதே, மூலம் என்று எவனாவது களிம்பு கொடுத்தால் வாங்காதே. நீ நூறு வயது இருக்க வேண்டும், உன் உடம்பைப் பற்றி எதையும் யாரும் உன்னிடம் மறைக்காமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். உன் அப்பாவைத் திட்டாதே, டாக்சிக்காரரையும் ஒன்றும் சொல்லாதே.

இப்போது எனக்குப் பதில் எழுது. தேற்ற வேண்டாம். நெறிக்கட்டிகளில் இருந்ததா? ஈரலில் இருக்கிறதா? எனக்கு எவ்வளவு காலம் என்றார்? டாக்டர் உன்னிடம் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, அந்த வியாழக்கிழமைக்கு முன்னால் எனக்குச் சொல்.

உன் அம்மா