தலைக்குத் தண்ணீர் ஊற்றாத நாள்

என் வீட்டுக்காரர் பையிலிருந்து சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்தார். அந்த வாசம் கொசுவலைக்குள் வந்ததும் உன் நினைப்புதான் வந்தது, ஏட்டி.

"காய்ச்சல் விட்டுட்டுல்லா? வெந்நி வாங்கி வச்சிருக்கேன். தலைக்கு ஊத்திட்டுக் கெளம்பு. சீவலப்பேரி பஸ்ஸைப் பிடிச்சிருவோம்" என்றார்.

நம் பக்கம் தலைக்கு ஊற்றிவிட்டால் நோய் போயாச்சு என்று அர்த்தம். அதற்கு மேல் டாக்டர் சொல்ல ஒன்றும் இல்லை.

டெங்கு வார்டில் கிடக்கிறேன். உன்னோடு சேர்ந்து வீடு வீடாகக் கொசுப்புழு பார்த்தவளையே கொசு கடித்துவிட்டது. நீ இருந்தால் சிரித்தே எனக்கு இன்னொரு காய்ச்சலை வரவைத்திருப்பாய். வலையை நாலு பக்கமும் மெத்தைக்கடியில் செருகி வைத்திருக்கிறார்கள். "கொசு ஒங்களக் கடிக்கும்னு இல்லக்கா, ஒங்களக் கடிச்ச கொசு பக்கத்துக் கட்டிலுக்குப் போயிரக் கூடாதுல்லா" என்கிறாள் நர்ஸ் பிள்ளை. பார்த்துக்கொள், கொசுவுக்கே நான் ஆகாதவளாகிவிட்டேன்.

நாம் தெருவில் இறங்கினால் பெண்கள் டிரம்மை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். "இது தாமிரபரணித் தண்ணி. இதுல புழு வருமா?" என்பார்கள். நீ மூடியைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டே, "ஆத்துக்கு ஓடத் தெரியும் மதினி, ஒங்க டிரம்முக்குத் தெரியுமா?" என்பாய். திட்ட வந்தவளும் சிரித்துவிடுவாள்.

பயிற்சிக்கு வந்த டாக்டரம்மா, நோய்த் தடுப்பில் மூன்று படி என்றார். வராமல் தடுப்பது முதல் படி. வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது அடுத்தது. படுத்தவரை மோசமாகாமல் காப்பாற்றுவது மூன்றாவது. நீ என் காதில், "ஏட்டி, நாம மொதப் படியிலயே நிப்போம். மேல ஏறுனா மூச்சு வாங்கும்" என்றாய்.

அடுத்த மழைக்கே உனக்குக் காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வார்டில் படுக்கவும் வைத்தார்கள். மூன்று படியும் ஏறிவிட்டாய். காய்ச்சல் இறங்கியதும் யார் பேச்சையும் கேட்காமல் ஊருக்கு வந்து ஆற்றில் முங்கினாய். சீயக்காய் மணக்க ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்று, "செத்துருவேன்னு நெனச்சியோ?" என்று கேட்டாய். இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாள் வயிற்றுவலி, பல்லில் ரத்தம். திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போய்விட்டாய். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கு ஆளைச் சாய்க்கும் என்று, கொசுவை மட்டும் பார்த்த நமக்கு யார் சொன்னார்கள்?

"நான் வரல" என்றேன்.

"என்னட்டி, நல்லாத்தான இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன். அதான் பயமா இருக்கு."

அவர் சீயக்காய்ப் பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு வெந்நீரில் தன் முகத்தைக் கழுவிக்கொண்டு, பஸ்ஸுக்குத் தனியாகப் போனார்.

இங்கே ஒவ்வொரு பொழுதும் நகரமாட்டேன் என்கிறது. ஜுரம் இல்லை, பசிக்கிறது, உடம்பு லேசாக இருக்கிறது. வலையைத் தூக்கினால் கால் தானாக வாசலைப் பார்த்து நடந்துவிடும். ரத்தம் எடுக்க வருகிறவளிடம் எல்லாம், "என்னைய எப்ப அவுத்து விடுவிய?" என்று கேட்கிறேன். "இன்னும் பாக்கணும்க்கா" என்று போய்விடுகிறாள்.

நீ படுக்காமல் விட்ட நாளையும் சேர்த்து நான் படுத்துக் கிடக்கிறேன், ஏட்டி.