ஆணியில் தொங்கும் புடவை

கூப்பிட்டால் மாட்டுக் கொட்டகையிலிருந்தே குரல் கொடுக்கும் என் அஞ்சலைக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. செவலை என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை. கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தால் பாலை இறக்காமல் எக்கிக்கொண்டது, மீறினால் உதைத்தது. மடி கல்லாய்க் கட்டிக்கொண்டு, தொட்டாலே துடித்தது. பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவனுக்கு ஒரு பசுமாட்டைச் சமாளிக்கத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதானே, "செவலைய மட்டும் வித்துடாதீங்க" என்று? மாட்டுத் தரகர் இரண்டு தடவை வந்து போய்விட்டார்.

நம்மிடம் பால் வாங்கும் டீக்கடை முத்துதான் வழி சொன்னான். "அண்ணி கறக்கறப்ப ஒரு பழம்பொடவைய சுத்திக்குமே, அத்த சுத்திக்கிட்டு ஒக்காருண்ணே. அந்த வாடைக்குத்தான் மாடு சொரக்கும்."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சாணமும் பாலும் மக்கின நாற்றம், காரியத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று, கொட்டகை ஆணியில் தொங்கிய அந்தப் புடவையைத்தான் முதல் வேலையாக மூட்டையில் திணித்திருந்தேன். இறந்தவர் துணியைச் சலவைக்காரருக்குக் கொடுத்துவிடும் வழக்கப்படி மூட்டை செல்லம்மாவிடம் போய்விட்டது.

கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா? அதுவும் இறந்தவள் துணியை? தெருவே டி.வி.யில் படம் பார்க்க உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து, செல்லம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். மென்று விழுங்கித்தான் கேட்டேன்.

"செத்தவங்க பொடவைய திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதாண்ணே" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "நல்ல வேள, இன்னும் வெள்ளாவியில வெக்கல."

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, இந்த மீசையோடு உன் புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். செவலை முந்தானையை மோந்து பார்த்தது. பிறகு நக்க ஆரம்பித்தது, விடவே இல்லை. மடி இளகிப் பால் இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அஞ்சலை. இந்த வாடைக்குத்தானே "மாத்திட்டு வந்து சோறு போடு" என்று தினமும் உன்னை விரட்டினேன்? உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் தூசியோடு நான் வந்து உட்காருவேனே, ஒருநாளாவது நீ என்னை அப்படிச் சொன்னதுண்டா? ஏன் சொல்லவில்லை?

அந்த நேரம் பார்த்து முத்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். சிரிப்பை அடக்க முடியாமல், "அண்ணி, பாலு ரெடியா?" என்றான். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்குக் காது வரை கூசியது. எழுந்து ஓடத்தான் தோன்றியது. எழுந்தால் செவலை எக்கிக்கொள்ளுமே! "செத்த இரு தம்பி" என்று, நீ சொல்வதைப் போலவே சொல்லிவிட்டுக் கறந்தேன்.

தரகரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புடவை பழையபடி அதே ஆணியில் தொங்குகிறது. யார் வந்தாலும் அதை ஒளிக்க மாட்டேன்.

நேற்று கம்பெனியில் பக்கத்தில் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னய்யா நாத்தம், மாத்திட்டு வரக்கூடாதா?" என்றார். என் வாய்ச்சொல்லுக்கு நீ தினமும் மாற்றிக்கொண்டு வந்தாய். நான் மாற்ற மாட்டேன், அஞ்சலை. சத்தியம்.

உன் வாடையோடு வேலைக்குப் போகும்,
உன் வீட்டுக்காரன்